கண்ணாடி வீட்டுக்குக் கால் அழுகிய கதை

"நூத்திப்பத்து வருஷம் நின்ன இரும்பு, எட்டே வருஷத்துல எப்படிடி அழுகும்?"

சித்தி இதைக் கேட்டபோது என் கையில் மதிப்பெண் பட்டியல் இருந்தது. வேதியியலில் நான் வாங்கிய எண்ணைப் பார்த்தால் ஏதோ கைக்குழந்தையின் வயது என்று நினைப்பீர்கள். ஆனால் துரு பற்றிய கேள்விக்கு மட்டும் முழு இரண்டு மதிப்பெண். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் தண்ணீரும் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதையே சித்தியிடமும் சொன்னேன்.

"இதைக் கண்டுபிடிக்கவா பன்னெண்டு வருஷம் பையைத் தூக்கிட்டுப் போன?"

பள்ளிக்கூடம் முடிந்து என்ன செய்வது என்று தெரியாமல் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. கீழ் வீடு அவளுடையது, மாடி எங்களுடையது. எங்கள் ஊர்ப் பூங்காவின் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி வீடு இருக்கிறது. வெளிக் குளிர் தாங்காத செடிகளை அதற்குள் வளர்க்கிறார்கள். எலும்புக்கூடு முழுக்க இரும்பு, தோல் முழுக்கக் கண்ணாடி. அந்த இரும்புக்குப் பாடப்புத்தகத்தில் தேனிரும்பு என்று பெயர். தேனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்துச் செய்தது. மரத்துக்குள் ஓடுவது மாதிரி அதற்குள்ளும் நார் நாராக ஓடும். இந்தக் காலத்துக் கம்பியெல்லாம் அதன் கால் தூசி பெறாது என்று சித்தி சத்தியம் செய்வாள்.

அந்த வீட்டைப் பராமரிப்பதுதான் அவள் வேலை. துருவைச் சுரண்ட வேண்டும், சிவப்பு ப்ரைமர் அடிக்க வேண்டும், அதன் மேல் இரண்டு பூச்சு பச்சைப் பெயின்ட். உடைந்த கண்ணாடியை மாற்றி, ஓரத்தில் பட்டி வைத்துப் பூச வேண்டும். பட்டி என்பது சுண்ணாம்புத் தூளை எண்ணெய் விட்டுப் பிசைந்த களிம்பு. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்கு வந்து சேர மூன்று வருஷம் ஆகும். அதற்குள் முதல் முனை உரிய ஆரம்பித்திருக்கும். "என் பொண்டாட்டி தினமும் கம்பி எண்ணிட்டு வர்றா. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு விட்டுடறாங்க" என்பார் சித்தப்பா. அவர் தையல்காரர். வாயில் ஊசி இல்லாத நேரமெல்லாம் இப்படித்தான் பேசுவார்.

அவள் சேர்ந்தது பெருக்குகிற வேலைக்கு. ஒரு புயலில் கூரைக் கண்ணாடி நாற்பது உடைந்தது. ஏணியில் ஏற வேண்டிய ஆள் ஏணியைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சித்தி துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். பத்தொன்பது வருஷமாக இன்னும் இறங்கவில்லை. பூங்காவில் அவளை 'துரு' என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்தால் விடமாட்டாள் என்ற அர்த்தத்தில்.

அவள் கைப்பையில் சீப்பு இருக்காது, சின்னச் சுத்தியல் இருக்கும். நல்ல இரும்பைத் தட்டினால் 'ணங்' என்று பதில் சொல்லும், கெட்டது 'தொப்' என்னும். இந்தப் பழக்கத்தால் குடும்ப மானம் பலமுறை போயிருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று இரும்பு வளைவைத் தட்டிப் பார்த்து, "தாங்காது, ரெண்டே வருஷம்" என்று சத்தமாகச் சொன்னாள். பெண்ணின் அம்மா இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

இனி கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

கண்ணாடி வீட்டைத் தாங்குவது தொண்ணூற்றாறு வளைந்த இரும்பு விலாக்கள். ஒவ்வொன்றின் கீழ் நுனியும், அதாவது காலும், சுவர் மேல் ஓடுகிற ஒரு இரும்புச் சட்டத்தில் நிற்கிறது. சட்டம் வாய்க்கால் மாதிரிக் குழிவாக இருக்கும், காலுக்குக் கால் தடுப்பு வைத்து. உள்ளே புழுக்கம், வெளியே குளிர் என்றால் கண்ணாடி வியர்க்கும். வியர்வை கண்ணாடியில் வழிந்து அந்த வாய்க்காலில் இறங்கும்.

சித்தி என்னைக் கேள்வி கேட்ட அன்று காலை, உரம் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று ஒரு காலில் இடித்தது. லேசான இடிதான். ஒரு கை அகலத்துக்கு இரும்பு பெயர்ந்து விழுந்தது, மழையில் நனைந்து காய்ந்த புத்தகம் போல ஏடு ஏடாக. சித்தி மண்டியிட்டுக் கை எட்டிய எல்லாக் கால்களையும் தட்டினாள். தொப், தொப், தொப். அவளுக்கு மூட்டு வலி வந்து சில வருஷம் ஆகிறது. அதனால் நின்றபடி நெஞ்சு உயரத்தில் தட்டிப் பார்த்து, ணங் என்றதும் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். எட்டு வருஷத்துக்கு முன்பு அவளே குனிந்து தட்டியபோது எல்லாம் மணி மாதிரி இருந்தன.

பூங்கா மேற்பார்வையாளருக்குச் செய்தி போனது. அவருடைய பட்டப்பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது, முகத்திலும்தான். அவர் சந்தோஷத்தை மறைக்கவே இல்லை. "பழசு போனா போகட்டும். பிரிச்சு எடைக்குப் போட்டுட்டு அலுமினியத்துல கட்டிடலாம். அடுத்த வியாழக்கிழமை பொறியாளர் வந்து ஆயுள் முடிஞ்சிடுச்சுன்னு எழுதிட்டா போதும். உங்களுக்கும் நல்லதும்மா. ஏணி வேண்டாம், மண்டி போட வேண்டாம். டிக்கெட் கூண்டுல ஃபேன் காத்துல உட்காரலாம்."

சித்திக்கு அந்தக் கூண்டின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். அதை நான் மறைக்க மாட்டேன். அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தனை டிக்கெட்? சில்லறையா குடுங்க" என்று சித்தப்பாவிடம் ஒத்திகை பார்த்தாள்.

மூன்று நாள் கழித்து வாய் திறக்காமல் வந்தாள். சோறு போட்டதும் சாப்பிட்டாள், கை கழுவினாள், உட்கார்ந்தாள். சித்தப்பா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஜுரம் இல்லையே. என்னம்மா, பூங்காவுல திட்டறதுக்கு யாரும் கிடைக்கலையா?"

"நான்தாங்க பண்ணேன்."

"என்னத்த?"

"நான்தான் அழுக வச்சேன்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பொறியாளர் நடக்க வழிவிட வேண்டும் என்று ஒரு பெரிய கல்தொட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். தொட்டிக்குப் பின்னால் இருந்த காலைத் தட்டினால், ணங். அந்த ஒன்று மட்டும் ஏன் என்று குனிந்து பார்த்தாள். காலுக்குப் பக்கத்தில், வாய்க்காலின் அடியில், சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அது துருப்பிடித்து விழுந்த ஓட்டை இல்லை. கட்டும்போதே காலுக்கு ஒன்றாகப் போட்டது. வியர்வைத் தண்ணீர் வெளியே போகிற வழி.

எட்டு வருஷத்துக்கு முன்பு வெளிப்பக்கத்து வெள்ளைச் சுவரில் ஓட்டைகளிலிருந்து பழுப்பாக வழிந்திருந்தது. "பார்க்க அசிங்கமா இருக்கு, ஏதாவது பண்ணுங்க" என்றார் இஸ்திரி. சித்தி எல்லா ஓட்டைகளையும் உள்பக்கமிருந்து பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டாள். தொட்டிக்குப் பின்னால் மட்டும் கை எட்டவில்லை. சுவர் பளபளத்தது. அதற்காகச் சிறந்த பராமரிப்புக்கு என்று ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தொண்ணூற்றைந்து கால்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

சித்தப்பா வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "உனக்குத் தெரியாமத்தானே பண்ண?"

"தெரியாமப் பண்ணா மட்டும் தண்ணி வத்திடுமா?"

"யாருகிட்ட சொன்ன?"

"இஸ்திரிகிட்ட."

"அவரு என்ன சொன்னாரு?"

சித்தி முதுகை விறைத்துக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டினாள். "'ஐயோ, இது வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தாம்மா வேலை போகும். அடைச்சது நீங்க. நான் ஏதாவது பண்ணுங்கன்னுதான் சொன்னேன், இதைப் பண்ணுங்கன்னு சொல்லலையே. அந்தத் தொட்டியைத் திரும்ப அங்கயே வச்சிடலாம். என்ன?'"

"நீ?"

"நானும் சேர்ந்துதான் தள்ளினேன்" என்றாள் சித்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அப்போது அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், அவள் இடத்தில் நான் இருந்தால் தொட்டிக்கு மேல் ஒரு துணியும் போர்த்தியிருப்பேன்.

வியாழக்கிழமை நானும் போனேன். சொந்தக்காரி என்று வாசலில் இளித்துப் பார்த்தேன். "டிக்கெட் வாங்கிட்டு வா, இது உங்க அப்பன் வீடா?" என்று சித்தி துரத்திவிட்டாள். வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

பொறியாளர் ஒரு அம்மா. மகரந்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது போல. நாலு அடிக்கு ஒரு தும்மல். ஆனால் ஆள் கெட்டி. இஸ்திரி நீட்டிய நாற்காலியை ஒதுக்கிவிட்டு நேராக மண்டியிட்டு ஒவ்வொரு காலாகத் தட்டினார். தட்டல், தும்மல், குறிப்பேட்டில் ஒரு கோடு. கல்தொட்டி வந்ததும் அதைத் தாண்டி அடுத்த காலுக்குப் போனார். இஸ்திரி மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இரும்பே மட்டம். அந்தக் காலத்துல யாரோ மட்டமான சரக்கைத் தலையில கட்டியிருக்காங்க. இத்தனை நாள் நின்னதே அதிர்ஷ்டம். ஆயுள் முடிஞ்சிடுச்சுன்னு எழுதிடறேன்."

"ஆமா மேடம்" என்றார் இஸ்திரி.

"மட்டமா?" என்றது இன்னொரு குரல்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். கல்யாண மண்டபத்தில் கேட்ட அதே குரல்.

"என்னை மட்டம்னு சொல்லுங்க மேடம், கேட்டுக்கறேன். இதைச் சொல்லாதீங்க. எட்டு வருஷம் உங்களைத் தண்ணிக்குள்ள நிக்க வச்சா உங்க காலு என்ன ஆகும்?"

"என்னம்மா பேசறீங்க?" இஸ்திரியின் குரல் முதல் தடவையாக மடிந்தது. "மேடம், இவங்களுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை..."

"மூட்டுதான் சார் சரியில்லை, மூளை இருக்கு. அந்தத் தொட்டியைத் தள்ளுங்க."

யாரும் அசையவில்லை. சித்தி தனியாகத் தோளைக் கொடுத்தாள். பொறியாளர் அம்மா குறிப்பேட்டை என் கையில் திணித்துவிட்டு மறுபக்கம் போய்த் தோள் கொடுத்தார். தொட்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. சித்தி சுத்தியலை அவரிடம் நீட்டினாள். ணங்! கண்ணாடி வீடு முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது.

அவர் தரையில் படுத்து அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காலைப் பார்த்தார். "இங்க ஓட்டை எங்க?"

"பெயின்டுக்கு அடியில இருக்கு. நான் அடைச்சேன். தொண்ணூத்தஞ்சையும் நான்தான் அடைச்சேன்."

எல்லோரும் வெளிப்பக்கம் போனோம். சித்தி சட்டத்தின் அடியில், ஓட்டையின் வெளி வாயில், ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பட்டி உடைந்து பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது, இஸ்திரியின் கால்சட்டையில், மடிப்பு பார்த்து. அடுத்த ஓட்டை, அடுத்த தண்ணீர். தொண்ணூற்றைந்தையும் திறந்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. சுவர் முழுக்க வழிந்தது.

"பாவம், எத்தனை நாளா அடக்கிக்கிட்டு இருந்துச்சோ" என்றாள் சித்தி. பொறியாளர் அம்மாவுக்குச் சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்தன.

அறிக்கை வேறு மாதிரி எழுதப்பட்டது. இரும்பு நல்ல இரும்பு, மேல் பாகம் முழுக்க உறுதி. அறுபத்தொரு கால்களை மட்டும் ஒரு முழம் வெட்டிவிட்டுப் புது இரும்பு ஒட்ட வைக்க வேண்டும்; மற்றவற்றில் துரு ஆழமாக இறங்கவில்லை, சுரண்டிப் பூசினால் போதும். வீட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. அதே அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் சித்தி சொன்னதும் இருந்தது. விசாரணை நடந்தது. யார் அடைக்கச் சொன்னார்கள் என்று கேட்டார்கள். சித்தி, "அசிங்கமா இருக்குன்னு அவர் சொன்னாரு, அடைச்சா சரியாகும்னு நான் நினைச்சேன். அவர் பங்கை அவர்கிட்டயே கேளுங்க" என்றாள். இஸ்திரிக்கு அன்று எதுவும் நினைவில் இல்லை.

வேலை போகவில்லை, பொறுப்பு போய்விட்டது. இப்போது அவளுக்கு மேலே ஒரு ஆள். எந்தப் பக்கம் சுரண்ட வேண்டும் என்று அவளிடமே கேட்டு அவளுக்கே உத்தரவு போடுகிறான். டிக்கெட் கூண்டில் இஸ்திரியின் மச்சான் ஃபேன் காற்றில் தூங்குகிறான். சித்தி மூட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு தினமும் மண்டி போடுகிறாள், வழியெல்லாம் எல்லோரையும் திட்டியபடி. ஓட்டைகளில் மாதம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்துவது இப்போது அவள் வேலைகளில் ஒன்று.

"கூண்டு போச்சேன்னு வருத்தமா சித்தி?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லாம? மூட்டு என்ன இரும்பா?" என்றாள். பிறகு சுவரைக் காட்டி, "பழுப்பா வழியுது பாரு. நல்லா வழியட்டும்" என்றாள்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்னைப் பெரிய இவளாட்டம் எழுதாத. ஓட்டையை எழுது." எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ, வேலை செய்கிற இடத்திலோ இரும்பு ஜன்னலின் அடிச்சட்டத்தில் சின்ன ஓட்டைகள் இருக்கலாம். எங்கேயோ ஒரு மகராசி, கையில் பட்டியோடு, அதை அழகாக அடைக்க இப்போது குனிந்துகொண்டிருக்கலாம். இந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள். அவளைத் தெரியாவிட்டால், தெரிந்த யாரிடமாவது சொல்லி, அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.