வால் குறைந்த பாம்பும் என் இரக்கமும்

நான் இரக்கமுள்ளவன் அல்லன். அந்தப் பாம்பை மலிவு என்பதற்காகவே வாங்கினேன். ஜேர்மனியின் எசன் நகரத் தமிழரில் ஒருவரும் இதை நம்பமாட்டார்கள், நீங்களாவது நம்புங்கள்.

என் மகள் அபிராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மற்றப் பிள்ளைகள் நாய் கேட்பார்கள், பூனை கேட்பார்கள்... இவள் பாம்பு கேட்டாள். இரண்டு ஆண்டுகள் விடாமல் நச்சரித்தாள். கடைசியில் என் மனைவியே, "எனக்குக் கிட்ட வராட்டிச் சரி" என்று இறங்கி வந்தாள்.

பாம்பு மலிவு, பாம்பின் வீடுதான் விலை என்று எனக்கு யார் சொன்னார்கள்? கண்ணாடிப் பெட்டி, வெப்ப விளக்கு, சூட்டை அளக்கும் கருவி... எல்லாம் வாங்கி முடிந்தபோது, பாம்புக்கென்று கையில் மிஞ்சியது இரண்டு பீட்சாவுக்கான காசு.

ஊர்வன விற்கும் சந்தைக்குப் போனோம். செம்மஞ்சள் நிறச் சோளப்பாம்பு ஒன்றைக் கண்டு அபிரா மூச்சுவிட மறந்தாள். நஞ்சில்லாத, சாதுவான இனம். விலையைக் கண்டு நான் மூச்சுவிட மறந்தேன்.

அவள் பல்லிகளைப் பார்க்கப் போன நேரம், இதைவிட மலிவாக ஏதும் உண்டா என்று விற்பவரிடம் மெல்லக் கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதே இனம்தான்; மங்கிய பழுப்பு, வால் நுனி இல்லை. பாதி விலை. தீனிக்கு உறைய வைத்த எலிகள் ஒரு பொதி இலவசம் என்றார். அந்த எலிப் பொதியில் நான் விழுந்துவிட்டேன்!

அபிரா திரும்பி வந்தாள். "ஏனப்பா வால் இல்லாததை எடுத்தனீங்கள்?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"நாங்கள் எடுக்காட்டி இதை ஆர் எடுப்பினம், பிள்ளை?" என்றேன். குரலைக்கூடச் சற்றுத் தழதழக்க விட்டேன்... வெட்கம்!

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த அழகான பாம்பை அதன்பின் திரும்பியும் பார்க்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் 'என் அப்பாவின் இரக்கம்' என்று முழங்கி முதற்பரிசு வாங்கினாள். கைதட்டலுக்கு நான் எழுந்து கும்பிட்டேன். ஆம், கும்பிட்டேன்! "அண்ணை, உங்கட மனம் ஆருக்கு வரும்" என்று சொல்லி, ஒருவர் தம் கிழட்டு முயலை என் வீட்டில் விட்டுப் போனார். மறுக்க முடியுமா? முயலும் இருக்கிறது. பாம்பும் கொழுத்து, சுகமாக இருக்கிறது. எனக்குத்தான் சுகமில்லை.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. மிருக வைத்தியரிடம் ஆவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்ய விண்ணப்பிக்கிறாள். நேற்று அந்தக் கடிதத்தை வாசிக்கத் தந்தாள். 'ஒருவரும் விரும்பாத உயிரைத் தேடி எடுக்க என் அப்பா எனக்குக் கற்றுத் தந்தார்' என்று தொடங்கியிருந்தாள்.

"பிழை ஏதும் இருக்கோ அப்பா?"

இருந்தது. முதல் வரியிலேயே இருந்தது. அதைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்...

"இல்லைப் பிள்ளை," என்றேன். "அனுப்பு."