கவ்வியைத் திறக்கும் நேரம்

தக்காளியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திரும்ப வைக்கிறார் தெமெனூகா. அடுத்ததையும் அப்படியே. பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரச் சந்தையில் காய்கறிக்காரர் பேத்கோ தலையில் அடித்துக்கொள்கிறார். “டாக்டரம்மா, அது தக்காளி! உங்க ஆஸ்பத்திரி ஈரல் இல்ல!”

“ஈரலா இருந்தா இப்படியா அமுக்குவேன்?” என்றபடி நல்லதாக நாலைப் பொறுக்கிக்கொண்டு நடக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய கல்லீரல் அறுவை மருத்துவர். குள்ளம்; பலகை போட்டு ஏறி நின்றுதான் கத்தியைத் தொடுவார். அதற்கு முன் உப்பு மோர் ஒரு குவளை உள்ளே போயாக வேண்டும். கல்லீரலை ‘இவன்’ என்றுதான் சொல்வார். புதிதாக வரும் மருத்துவர்களிடம் ஒரே பாட்டு: “ரத்தத்தை நிறுத்த ஒரு கவ்வி போதும். பட்டினி கிடக்கிறப்ப இவன் பாதி சாவான். ரத்தம் திரும்பி வர்றப்ப, அதுல வர்ற ஆக்சிஜனே உள்ள தீ வச்சு மீதியைக் கொல்லும். திறக்கத் தெரிஞ்சவன்தான் கவ்வி போடணும்.”

போன வியாழக்கிழமை மேசையில் கிடந்தவர் பேருந்து ஓட்டுநர் ஸ்தாமென். கல்லீரலில் கட்டி. கவ்வியைப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டு வெட்டிக்கொண்டே போனால், கட்டி ஸ்கேன் படத்தில் தெரிந்ததைவிட ஆழமாக வேர்விட்டிருந்தது. ஈரல் முழுக்கக் கொழுப்பு வேறு. ரத்தம் இல்லாமல் ஈரல் நிறம் மங்கிச் சாம்பல் பூக்கத் தொடங்கியது.

“இன்னும் கொஞ்சந்தான் மேடம். இப்படியே வெட்டி எடுத்துடலாம்,” என்றான் உதவி மருத்துவன் காலின்.

“இவன் தாங்கமாட்டான். திறக்கிறேன்.”

மயக்க மருத்துவர் லியூபென் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். “பாதி வெட்டுல திறந்தா ரத்தம் கொட்டும் தெமெனூகா. பிரஷர் ஏற்கெனவே கீழதான் நிக்குது.”

“பிரஷரை நீ புடிச்சு வை. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?”

கவ்வியைப் பட்டென்று விடவில்லை. மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார். வெட்டிய முகமெங்கும் ரத்தம் ஊறியது. துணியை வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் மூடிக்கொண்டார். இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் ஓசை தடுமாறியது.

“இதயம் தள்ளாடுது!” என்றார் லியூபென்.

“மருந்தைக் குடு. நான் கையை எடுக்கமாட்டேன்.”

தவறாகக் கணித்துவிட்டோமோ என்று தெமெனூகாவுக்குத் தோன்றியது. காலின் சொன்னதே சரியாக இருந்தால், இந்த மனிதரைக் கொன்றது இந்தக் கைகள்தான். அப்போது ஓசை ஒழுங்குக்கு வந்தது. துணியை விலக்கினார். ஓரத்தில் இளஞ்சிவப்பு, பிறகு நடுவிலும். ஈரலை நன்றாக மூச்சுவிட வைத்து, மறுபடி கவ்வி போட்டு, கட்டியை அறுத்தெடுத்து, கடைசி முறையாகத் திறந்தார். வெட்டிய விளிம்பில் ஒற்றிய வெள்ளைத் துணியில் பொன்மஞ்சளாக, ஈரல் சுரந்த ஒரு சொட்டுப் பித்தநீர்.

“வேலைக்கு வந்துட்டான்,” என்றார் லியூபென்.

“சொட்டுற வாயைத் தச்சுடு,” என்றார் தெமெனூகா காலினிடம்.

நடைவழியில் ஸ்தாமெனின் மனைவி நெதெல்கா எழுந்து நின்றாள். “இருக்காரா டாக்டர்?”

“இருக்கார். ஈரல் வேலை செய்யுது. இன்னும் ரெண்டு மூணு நாள் கவனமா பாக்கணும். உக்காரும்மா.”

அவள் காபிக் கோப்பையை நீட்டினாள். தெமெனூகா வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்கும் இரண்டு கைகளையும் அவள் பார்க்காதபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.