அவசரக்குடுக்கை நின்ற நேரம்

எழுபத்தெட்டு. நேற்றுப் பிறந்து வென்டிலேட்டரில் கிடந்த குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அது. தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும். நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொண்டன. அவற்றைத் தளர்த்தும் வாயுவைக் கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

அதைத் திறக்க வேண்டிய நர்ஸுக்கு வார்டில் பெயர் அவசரக்குடுக்கை. காலில் வெந்நீர் கொட்டியவள்போல் நடப்பாள், சாப்பாடும் நின்றபடிதான். இன்று சிலிண்டரை மாட்டிவிட்டு அசையாமல் நின்றாள். இணைப்புக் குழாயில் தேங்கியிருந்த பழைய வாயு சீறி வெளியேறிக்கொண்டிருந்தது.

எழுபத்தைந்து.

"அக்கா, உங்க காலப் புடிக்கிறேன், சீக்கிரம்!" என்றான் குழந்தையின் அப்பா.

"தேங்கினது காத்தோட சேந்து நஞ்சாயிருக்கும் தம்பி. அது போகாம புள்ளைக்கு எப்படிக் குடுப்பேன்?"

"அவசரக்குடுக்கையே நிக்கிறப்போ நாமளும் நின்னுதான் ஆகணும்" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுபத்துமூன்று. அவள் வால்வில் கை வைத்துச் சீறலையே கவனித்தாள். சீறல் ஓய்ந்ததும் குழந்தையின் பக்கம் திறந்துவிட்டாள்.

எண் முதலில் நகரவேயில்லை. பிறகு எண்பது, எண்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு. அப்பாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"டீ குடிச்சிட்டு ஓடி வாம்மா" என்றார் டாக்டர்.

"இனிமே ஓட்டமெல்லாம் கிடையாது டாக்டர்."

வாயுவைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தக் குழாய்கள் மறுபடி இறுகிவிடும். நாளை காலையிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள்.