மருந்துத் தாங்கிக்கு ஒரு மூடி

அப்பாவின் இடது தோளுக்குக் கீழே தோல் உரிந்து, காய்ந்து, திரும்பவும் உரியும் ஒரு திட்டு இருந்தது. தோட்டங்களுக்குக் கூலிக்குப் பூச்சிமருந்தடிப்பவர் அவர். மிளகாய்ப் பாத்தியில் குனியும் ஒவ்வொரு தடவையும், முதுகில் சுமந்த தாங்கியின் மூடி வழியாக மருந்து கசிந்து சட்டையை நனைக்கும். மூடியின் மரை தேய்ந்துபோனால் இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தாங்கியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பையை விரித்து, அதன்மேல் மூடியை இறுக்குவார்கள். பை கிழியும்வரை கசியாது. பை சீக்கிரமே கிழிந்துவிடும்.

தாங்கி அப்பாவுடையதல்ல, தோட்டக்காரருடையது. மலைநாட்டிலிருந்து ஜெயபுரத்துக்கு வந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். தொழினுட்பக் கல்லூரிப் படிப்பும் முடித்துத் திரும்பிய கையோடு அந்தத் தோட்டக்காரரிடம் போனேன்.

“ஐயா, ஒரு புது மூடி வாங்கித் தாங்கோவன். அப்பாவின்ர முதுகெல்லாம் புண்.”

“மூடி மட்டும் எங்கயடாப்பா விக்கிறாங்கள்? முழுத் தாங்கியாத்தான் எடுக்கவேணும். சொப்பிங் பையைப் போட்டு இறுக்கச் சொல்லு. எல்லாரும் அப்பிடித்தானே அடிக்கிறாங்கள்.”

மூடி விற்பதில்லை என்பது உண்மைதான். கிளிநொச்சிக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். பிறகு கொழும்புப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் பக்கம் மருந்தடிக்கும் முப்பது பேருக்கும் முப்பது மூடி வேண்டும் என்றதும் அங்கே பேசியவர் சிரித்துவிட்டார். “தம்பி, அச்சு வெட்டவே லட்சக்கணக்கில காசு முடியும். பத்தாயிரம் எடுக்கிறதெண்டாச் சொல்லுங்கோ, கதைப்பம்.”

பத்தாயிரம் முதுகுகளுக்கு நான் எங்கே போவேன்? முப்பது முதுகு என்றால் அது முதுகில்லையா? அந்தக் கோபத்தில்தான் நானே மூடி செய்யத் தொடங்கினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் படிக்கும் நண்பன் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரு மூடி செய்து அனுப்பினான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அடுக்கடுக்காகப் படிந்த அதன் படைகளுக்கிடையே மருந்து வேர்த்தது. தொழிற்சாலையின் விலையைப் பற்றித் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவர்களுடைய அச்சு உருக்கு இரும்பால் ஆனது. ஓயாமல் லட்சக்கணக்கில் வார்க்கவேண்டும் என்பதால்தான் அந்த விலை. என்னுடையது சில நூறு தடவை தாங்கினால் போதும். அதற்கு அலுமினியமே காணும்.

லேத் பட்டறை ஒன்றில் பழைய அலுமினியக் கட்டியில் இரண்டு துண்டுகள் கடைந்து எடுத்தேன். ஒன்றில் மூடியின் வெளிவடிவம் குழிவாக இருந்தது, மற்றதில் உள்மரை. ஓர் இரும்புக் குழாயைச் சுற்றி மின்சூடாக்கியைப் பூட்டி, மேலே நீளமான கைபிடி வைத்தேன். நறுக்கிய எஞ்சின் ஒயில் பிளாஸ்டிக் கான்களைக் குழாயில் போட்டு உருக்கி, கைபிடியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினால் குழம்பு அச்சுக்குள் இறங்கும். ஆறியதும் உள்துண்டைத் திருகிக் கழற்ற, மூடி கையில் வரும். முதலில் வந்தவை ஆறும்போது சுருங்கித் தாங்கியில் ஏறவில்லை. உள்துண்டைக் கொஞ்சம் பெரிதாக மறுபடி கடைந்தேன்.

கான் தேடி நான் திரிவதைப் பார்த்துப் பக்கத்து வளவு அக்கா அம்மாவிடம் கேட்டார்: “என்ன, உங்கட பெடியன் படிச்சுப்போட்டுக் குப்பை பொறுக்கிறானாம்?”

“ஆமா, பொறுக்குறான். ஒங்க வீட்டுல காலிக் கான் இருந்தாலும் குடுங்க,” என்றார் அம்மா.

அந்த அக்கா கொடுத்த கானும் முதல் நல்ல மூடியில் இருக்கிறது.

அதைப் பூட்டிக்கொண்டு அப்பா தோட்டத்தில் இறங்கினார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பாதிப் பாத்தியில், மருந்தை அடிக்கும் பம்பிக் கைபிடி இறுகியது. மருந்து சீறாமல் வழிந்தது. தாங்கியின் பக்கங்கள் உள்ளே குழிந்தன.

“இஞ்ச பார், என்ர தாங்கி சூம்புது!” தோட்டக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கசியாமச் செய்யச் சொன்னா, மூச்சே விடாமச் செய்திருக்கிறான்!”

அவர் வேடிக்கைக்குச் சொன்னதுதான் விடை. மருந்து வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். பழைய மூடியில் இருந்த சின்னத் துளையை, அதுவும் ஒரு கசிவென்று நினைத்து நான் புது மூடியில் வைக்கவே இல்லை. துளை போட்டு, உட்பக்கம் சைக்கிள் ரியூப் துண்டொன்றை ஓரத்தில் மட்டும் பிடிக்கவைத்தேன். காற்று உறிஞ்சினால் ரப்பர் திறக்கும். மருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும்.

அடுத்த நாள் வேலை முடிந்தபோது அப்பாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை மட்டும்தான். அவர் தாங்கியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

“அதை விட்டிட்டுப் போ,” என்றார் தோட்டக்காரர். “நாளைக்கு வாறவனும் அடிக்கவேணுமெல்லே.”

“தாங்கி உங்களுது ஐயா. மூடி எம் மவன் எம் முதுகுக்குச் செஞ்சது.”

“அப்ப நாளைக்கு நீ வரத் தேவையில்லை.”

அப்பா அவரிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலை போனதே என்று வழியெல்லாம் எனக்குக் கவலை. ஆனால் திரும்பிப்போய் மூடியைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

காலையில் எங்கள் வீட்டுப் படலைக் கதவடியில் ஒருவர் நின்றார். அப்பாவுக்குப் பதிலாக அந்தத் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்த ஆள். “அண்ணே, நான் இன்னும் போகல. எனக்கும் ஒரு மூடி குடுங்க, அப்புறம் போறேன்,” என்றார். கொடுத்தேன். பின்னேரம் அவரும் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு வந்தவரும் அப்படியே. மருந்தடிப்புக்குப் போகிறவர்களின் பைகளில் வெற்றிலையோடு மூடியும் கிடக்கத் தொடங்கியது.

மிளகாய்க்குப் புழு விழுந்தபோது தோட்டக்காரர் எங்கள் வளவுக்கே வந்தார். அப்பாவை வேலைக்கு வரச் சொன்னார். அப்பா தலையாட்டினார். பிறகு தோட்டக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எனக்கும் ரெண்டு மூடி போட்டுத் தாரும். என்ர தாங்கியளுக்கு.”

அவருடைய தாங்கியில் பூட்டினால் மரை தேயும், ரப்பர் கிழியும், அவர் மாற்றமாட்டார், பிறகு மறுபடியும் சொப்பிங் பை. அது எனக்குத் தெரியும்.

“தாங்கியை ஆர் சுமக்கிறது ஐயா?” என்றேன்.

“அது... கூலிக்கு வாறவங்கள்.”

“அப்ப அவையளை வந்து வாங்கச் சொல்லுங்கோ,” என்றுவிட்டு, சூடேறியிருந்த குழாயின் கைபிடியில் தொங்கினேன்.