தெரியாத அழைப்புக்குச் "சரி" சொன்ன சிமுலேட்டர்

"லயத்துல இருந்து வந்த புள்ளைக்கு டெஸ்டிங்கே பெரிய வேலைங்க. சிமுலேட்டர் உள்ள கை வைக்கிறதெல்லாம் வேணாம், தலை சுத்திரும்."

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில், நான் சேர்ந்த முதல் வாரமே குழுத் தலைவர் இப்படிச் சொன்னார். அவருடைய அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. நானோ லிந்துலையில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்; எங்கள் குடும்பத்தில் பெருவிரலை மையில் தோய்க்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். கம்பஸில் கணினி படித்துப் பட்டம் வாங்கினேன். அவரிடம் இருந்தது ஒரு டிப்ளோமா. அதை அவரிடம் சொல்லிக்காட்டியதில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சிமுலேட்டர் என்பது இன்னும் தயாராகாத ஒரு சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள். சிப் கைக்கு வருமுன்பே அதற்கான புரோகிராம்களை இதற்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தப் புரோகிராமும் சும்மா ஓடாது. "இந்தக் கோப்பு எவ்வளவு பெரியது?", "இப்போது நேரம் என்ன?" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓயாமல் அழைத்துக் கேட்கும். எங்கள் சிமுலேட்டருக்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. அதன் சார்பில் சிமுலேட்டரே பதில் சொல்ல வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் புதிதாகும்போதெல்லாம் புதிய அழைப்புகள் முளைக்கும். பழைய சிமுலேட்டர் திருதிருவென விழிக்கும்.

அந்த முறை வாடிக்கையாளர் புதிய பதிப்புக்கு மாறியதும் எங்கள் திரை முழுக்க "தெரியாத அழைப்பு" என்ற எச்சரிக்கைதான். குழுத் தலைவர் வந்து உட்கார்ந்தார். பிளேன்டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. சோதனைகள் முன்பைவிடப் படுவேகமாக முடிந்தன. எல்லோருக்கும் பட்டிஸ் வாங்கிவரச் சொன்னார்.

பட்டிஸைத் தின்றுகொண்டே அவர் எழுதியதைத் திறந்து பார்த்தேன். ஒரே வரி. எந்தத் தெரியாத அழைப்பு வந்தாலும் "சரி, முடிந்தது" என்று பதில் அனுப்பு!

இது எங்கள் பெரட்டுக் களத்து வித்தை. காலையில் வேலை பிரிக்கும் இடத்தில் தோட்ட நிர்வாகியான புதுத் தொரை புது உத்தரவு போடுவார். வரிசையில் நிற்பவர்கள் "சரிங்க தொரை" என்பார்கள். மலை ஏறியதும் பழையபடியே கொழுந்து பறிப்பார்கள். அவர்கள் கூடையிலாவது கொழுந்து இருக்கும். இவர் கூடையில் ஒன்றுமே இல்லை. புரோகிராம் கோப்பின் அளவைப் புதிய அழைப்பில் கேட்டது. சிமுலேட்டர் "முடிந்தது" என்றது. ஆனால் அளவை எழுத வேண்டிய இடத்தில் எதையும் எழுதவில்லை. அங்கே இருந்தது பூச்சியம். கோப்பு காலி என்று நம்பிய புரோகிராம், எதையும் படிக்காமல் வேலையை முடித்துக்கொண்டது. இவர் பட்டிஸ் வாங்கிக் கொண்டாடிய வேகம் இதுதான்.

இத்தனைக்கும் "அந்த அழைப்பு இங்கே இல்லை" என்று உண்மையைச் சொன்னால், புரோகிராம் தானாகவே பழைய அழைப்புக்குத் திரும்பும். முதலாண்டு மாணவனும் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

"சேர், விடைக் கோப்பு காலியா இருக்குங்க. ஒண்ணுமே படிக்கல. அந்த அழைப்பு 'இல்ல'ன்னு பதில் குடுத்தா படிச்சிரும்."

"டெஸ்ட் எல்லாம் பச்சையா இருக்கா, இல்லையா?"

"பச்சைதாங்க. பேப்பரே குடுக்காம பரீட்சை வச்சா யாருமே பெயிலாக மாட்டாங்க."

"வாய் ஜாஸ்திங்க ஒங்களுக்கு. கஸ்டமர் முன்னாடி 'இல்ல'ன்னு சொல்ற சாமானை நீட்டச் சொல்றீங்களா? வெள்ளிக்கிழமை டெமோ. டெஸ்ட் பண்ணது நீங்க. செக் பண்ணியாச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஆமாம் என்றால், பொய் வேகத்தை நம்பிச் செய்யப்படும் ஒரு சிப்புக்கு என் பெயரில் சான்று. இல்லை என்றால் வேலை போகும். வீட்டில் சொன்னேன்.

"ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா புள்ள," என்றார் அப்பா. "நாங்க தொரைமாருக்கிட்ட சொல்லாததா?"

"நீங்க சொல்றத சாயங்காலமே மறந்துருவாங்கப்பா. நான் சொல்றதுக்கு எம்பேர போட்டு வைப்பாங்க."

"வேல போனா என்னா செய்வ?" என்றார் அம்மா. "கொழுந்து எடுப்பியா? ஒனக்கு அதுவும் தெரியாதே!"

வெள்ளிக்கிழமை திரையில் தோன்றிய வாடிக்கையாளர் ஒரு சிங்களப் பொறியியலாளர், பெண். வேகத்தைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கி, விடைகளைச் சரிபார்த்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார். குழுத் தலைவர் என்னைக் காட்டி, "இவங்கதான், எல்லாம் ஓகே," என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

"ஓகே இல்லை," என்றேன் சிங்களத்திலேயே. காலியான விடைக் கோப்பைத் திரையில் வைத்தேன். "இல்லை" என்று பதில் சொல்லும் என் திருத்தத்தோடு ஓட்டியபோது நிரம்பிய கோப்பையும் பக்கத்தில் வைத்தேன். அது ஓட நீண்ட நேரம் எடுத்திருந்தது. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அறுத்தவர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மழையில் லைன் போய்விட்டது என்று அவர்களுக்குச் செய்தியும் அனுப்பினார். ஹட்டனில் அன்று அருமையான வெயில்.

திங்கட்கிழமை சிமுலேட்டரின் நிரலைத் திறக்கும் அனுமதி எனக்கு இல்லை. விலைப்பட்டியல் டைப் செய்யச் சொன்னார்கள். மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "வேலைய விடுறேன் சேர்," என்று சொல்லிக் கீழே இறங்கினேன்.

அவர் அவ்வளவு பொத்திக் காத்த அந்தச் சிமுலேட்டரின் அடித்தளம், யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொது நிரல். கம்பனி அதன் மேல் தன் பெயரை ஒட்டியிருந்தது, அவ்வளவே. அந்தப் பொது நிரலிலும் கோப்பின் அளவைக் கேட்கும் புதிய அழைப்புக்குப் பதில் இல்லை. வீட்டிலிருந்தே அதை முழுமையாக எழுதி, சோதனையையும் சேர்த்து, என் சொந்தப் பெயரில் அதன் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் சில திருத்தங்கள் கேட்டார்கள்; நான் எந்த ஊர், எந்த லயம் என்று யாரும் கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடுத்த பதிப்பும் இன்னும் வெளிவரவில்லை. அதில் வரப்போவதாக அறிவித்திருக்கும் ஓர் அழைப்புக்கான பதிலை எழுதி முடித்து, இன்று காலை அதே பராமரிப்பாளர்களுக்கு அனுப்பிவிட்டேன்.