உப்புப் பார்த்து எடுத்த வீடு

தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம், ஆறு கடலில் சேருகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அங்கே கிணறு வற்றி யாரும் கண்டதில்லை. குனிந்தால் செம்பால் கோரலாம், அவ்வளவு மேலே தண்ணீர் நிற்கும். ஆனால் வேனலில் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும். கிணறுகள் எல்லாம் கரிக்கத் தொடங்கும். அதனால் எங்கள் ஆட்கள் பெண் கொடுக்கப் போனாலும் நிலம் பார்க்கப் போனாலும் முதலில் கிணற்றங்கரைக்குப் போய் ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உப்பில்லை என்றால் மற்றதெல்லாம் சரி. தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான். அந்தப் பயத்தோடுதான் நாகர்கோவிலுக்கு வீடு பார்க்கப் போனோம்.

திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்து திருக்கொச்சி என்று ஆகியிருந்த சமயம். அப்பா புதுக்கடை என்ற ஊரில் ஒரு கருப்பட்டிக் கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தார். கடைக்காரர் கோட்டாற்றுக் கடைத்தெருவில் மொத்தக் கடை போட்டதும் அப்பாவையும் அங்கே வரச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்றே பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டால் அப்படியே பாரம் என்று சொல்லுகிற மேல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பாரம் படித்தவர்கள் டீச்சர் ஆகலாம். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இருந்தது நான் ஒருத்தி. அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்:

“கடைக்காகவா போறேன்? மகளப் படிப்பிக்கப் போறேன்.”

நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசாத பிள்ளை. வீட்டுக்கு விருந்து வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அப்படிப்பட்ட எனக்கும் டீச்சர் ஆகிற ஆசை இருந்தது. டீச்சர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் அல்லவா, அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருந்தார். ஆனி மாதம், மழை தொடங்கியிருந்தது. முதல் வீடு கோட்டாற்றில் ஒரு வளவுக்குள் இருந்தது. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடும்பங்கள். நாங்கள் உள்ளே நின்றுகொண்டிருக்கும்போதே பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் கேட்டது. நான் அம்மையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மை அதற்குள் கிணற்றங்கரைக்குப் போய்விட்டாள்.

ஒரு வாய் குடித்தாள். உடனே துப்பினாள்.

“சீ, நம்ம ஆத்துமொகத்துக் கெணறு போல கரிக்கு. இதுல பருப்பு வேகுமா?”

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “குடிக்கக் கொஞ்சம் கரிக்கும்தான். ஆனா எந்த வேனலுக்கும் வத்தாது கேட்டியளா.”

“வத்தாமக் கெடந்து என்ன செய்ய? வாயில வைக்கண்டாமா?” என்றாள் அம்மை.

கிணறு வற்றாது என்பதை ஒரு பெருமையாக அந்த அக்காள் ஏன் சொன்னாள் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னதுபோல இருந்தது எங்களுக்கு. வாடகையும் கூடுதல். அப்பாவின் முகம் அதைக் கேட்டபோதே சுருங்கியிருந்தது.

இரண்டாவது வீடு பார்வதிபுரத்துக்கும் அப்பால், சானல் கரையில். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வயல்களுக்குக் கொண்டுவருகிற வாய்க்காலைத்தான் அங்கே சானல் என்பார்கள். சானல் கரை தொட்டு ஓடியது. பின்னால் நாலு தென்னை, ஓட்டு வீடு, எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு கிணறு. வாடகை கோட்டாற்று வீட்டில் பாதிதான். வீட்டுக்காரி பக்கத்திலேயே இருந்தாள். காதில் பாம்படம் தொங்கும் கிழவி.

அம்மை வாளியை விட்டாள். கயிறு கொஞ்சம் ஓடியதுமே தண்ணீர். குடித்தாள். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தாள்.

“உப்பு உண்டுமா?” என்று அப்பா கேட்டார்.

“ஒரு பொட்டு இல்ல.”

“எளநி தோத்துப்போவும்” என்றாள் கிழவி.

அம்மை எனக்கும் ஒரு கை ஊற்றினாள். நல்ல ருசிதான். ஆனால் மணிச் சத்தம் கேட்கவில்லை. “பள்ளிக்கூடம் தூரமில்லியா அம்மா” என்று அவள் காதோடு கேட்டேன். அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

“காலு எதுக்கு மக்கா இருக்கு? உனக்க அப்பன் புதுக்கடைக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடந்த நடைய நேரா நடந்திருந்தா காசிக்குப் போய்ச் சேந்திருப்பேன்.” பிறகு அம்மையைப் பார்த்துச் சிரித்தார். “உனக்க நாக்கு சொன்னாப் போரும். இதுதான் வீடு.”

அப்படித்தான் வீடு முடிவானது. அப்பாவுக்கு வாடகை இனித்தது, அம்மைக்குத் தண்ணீர் இனித்தது.

மாசி வரைக்கும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடை நீளம்தான். ஆனால் படிப்பு ஏறியது. கணக்கில் முதலாவது வந்தேன். வகுப்பில் என் சத்தத்தை யாரும் கேட்டதில்லை, என் சிலேட்டைப் பார்த்திருக்கிறார்கள். அம்மை மறுபடியும் உண்டாகியிருந்தாள். இதுவாவது தங்க வேண்டும் என்பதால் கனம் தூக்கவே கூடாது என்று பேறு பார்க்கிற கிழவி சொல்லியிருந்தாள்.

மாசியில் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்தது. வயலுக்கு இனிமேல் தண்ணீர் வேண்டாம். அணையை அடைத்தார்கள். சானலில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, கணுக்காலுக்கு வந்தது, பிறகு ஆங்காங்கே குட்டையாய்க் கிடந்தது. பிள்ளைகள் மீன் பிடித்தார்கள். நானும் வேடிக்கை பார்த்தேன். கொஞ்ச நாளில் எங்கள் கிணற்றில் வாளி தரையில் தட்டியது. கயிற்றை மேலே இழுத்தால் சேறு வந்தது.

அம்மை அந்த வாளியைத் தூக்கிக்கொண்டே வீட்டுக்காரியிடம் போனாள்.

“கெணறு வத்தும்ணு ஒரு வாக்கு சொன்னியளா?”

“நீ உப்பு இருக்கான்னுதானே பாத்த? வத்துமான்னு ஒரு வாக்கு கேட்டியா? இப்பவும் அந்தச் சேத்துல வெரல விட்டு நக்கிப் பாரு, உப்பு இருக்கான்னு.” கிழவி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள். “சானல அடைச்சா கெணறு வத்தும். நாஞ்சில் நாட்டுல பொறந்த பச்சப் பிள்ளைக்குத் தெரியும். நானா வந்து வெளக்கு வச்சு ஒனக்குக் காட்டணுமா?”

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் வீட்டில் சண்டை. “உனக்க நாக்கு” என்றார் அப்பா. “உங்களுக்க வாடகை” என்றாள் அம்மை. பானையை யார் எடுப்பது என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. காலையில் பானை என் இடுப்பில் இருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல்லும் தோப்புமாக ஒரு பெரிய வீடு. அவர்கள் கிணறு பாறை உடைத்து இறக்கிய கிணறு, வற்றாது. அங்கேதான் போக வேண்டும். கயிற்றை நாங்கள் தொடக் கூடாது. தள்ளி நிற்க வேண்டும். அந்த வீட்டு அம்மாளோ வேலைக்காரியோ கோரி, உயரத்திலிருந்து நம் பானையில் ஊற்றுவார்கள். பாதி தரையில் போகும்.

எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம். முதல் நாள் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே வார்த்தை, “கொறச்சு வெள்ளம்”. அதுவே எனக்குப் பேராகிவிட்டது.

“ஏட்டி, வெள்ளக்காரி வந்தாச்சு பாரு” என்பாள் அந்த அம்மாள், உள்ளே பார்த்து. “வெள்ளக்காரன்கூட நாட்ட விட்டுப் போயிட்டான். இவ மட்டும் போக மாட்டேங்கா.”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் பானையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதன்பிறகு நான் அங்கே தண்ணீர் என்றும் கேட்கவில்லை, வெள்ளம் என்றும் கேட்கவில்லை. நின்றேன். கேட்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கும். எனக்குப் பின்னால் வந்தவர்களும் ஊற்றி வாங்கிக்கொண்டு போவார்கள். பானை நிறைந்து, வீட்டில் ஊற்றி, மறுபடி வந்து நின்று, பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். வறண்ட சானலுக்குள்ளே இறங்கி நடந்தால் கொஞ்சம் சுருக்கு வழி. அந்தப் பங்குனி முழுவதும் நான் மீன் முள்ளும் கிளிஞ்சலும் காலில் குத்த அந்த மணலில் ஓடினேன். பரீட்சை வருகிறது, அதுவரைக்கும் ஓடிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அம்மைக்குப் பேறு நடந்தது. ஆண்பிள்ளை. பேறுகாலக்காரிக்கு இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் காலையில் வேது குளிக்க வேண்டும். அது தவறக் கூடாது. அதற்கு மட்டும் பானை பானையாகத் தண்ணீர் வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின நாள் அப்பா சொன்னார்: “நாளைக்கு நீ பானையத் தொடாத மக்கா. நான் கோரிட்டு வாறேன். நீ நேரத்தோடு போய் எழுது.”

காலையில் எழுந்தபோது அப்பா இல்லை. கருப்பட்டி வண்டி வந்து இறங்கியிருக்கிறது என்று கடையிலிருந்து ஆள் விட்டுக் கூட்டிப் போய்விட்டார்களாம். பேறு பார்க்கிற கிழவி அடுப்பில் வெறும் அண்டாவை ஏற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். அவளிடம் நான் என்ன கேட்பது?

பானையை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய வீட்டு முற்றத்தில் அன்று நெல் அவிக்கிறார்கள். பெரிய பெரிய செம்புகள் அடுப்பில் இருந்தன. வேலைக்காரிகள் இரண்டு பேர் நிற்காமல் கோரிக் கோரி அதில் ஊற்றுகிறார்கள்.

“இன்னைக்கு நெல்லு அவியுது. பைய ஊத்துவா. நில்லு” என்றாள் அந்த அம்மாள்.

நின்றேன். வெயில் தென்னைக்கு மேலே வந்தது. எனக்குப் பரீட்சை என்று அவளிடம் சொல்ல நாலு வார்த்தை தேவைப்பட்டது. மனதுக்குள் அந்த நாலு வார்த்தையையும், வெள்ளம் என்று வந்துவிடாமல் தண்ணீர் என்றே வரும்படி, கூட்டிக்கூட்டி வைத்தேன். அவள் என் பக்கம் திரும்பியபோது முற்றத்தில் எல்லோரும் திரும்பினார்கள். நான் பானையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெல் வெடித்து ஆவி வந்த பிறகுதான் என் பானையில் ஊற்றினார்கள்.

அதை அண்டாவில் கொட்டிவிட்டு, சானல் மணலில் நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூட வாசலில் சத்தமே இல்லை. உள்ளே பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வெளியே வந்தார்.

“இது பரீட்சையா, சந்தையா? நெனச்ச நேரத்துக்கு வரதுக்கு?”

என் பாவாடை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். காரணம் கேட்டிருந்தால் அழுதாவது காட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் தூணோடு நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அப்பா அன்று சாயங்காலம் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு கொண்டுவந்து என் கையில் தந்தார். “போட்டும் மக்கா, அடுத்த வருஷம் எழுதலாம்” என்றார். நான் வாங்கி அடுக்களையில் வைத்தேன். அதை யார் தின்றார்களோ தெரியாது. கோட்டாற்று வளவு வீடு காலியாக இருக்கிறதா என்று அப்பா ஒருநாள் போய்ப் பார்த்து வந்தார். அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது. வாடகையும் ஏறிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததுபோல எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. தம்பியைத் தூக்க ஆள் வேண்டும். அடுத்த பங்குனியிலும் சானலை அடைப்பார்கள். இது இரண்டும் தெரிந்த பிறகு, பள்ளிக்கூடம் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மகளைப் படிப்பிக்கத்தான் வந்தோம் என்பதையும் எடுக்கவில்லை. எங்கள் ஊரிலேயே இருந்திருந்தாலும் நாலாம் வகுப்புதான். நாகர்கோவிலுக்கு வந்து நான் கூடுதலாகப் பெற்றது பரீட்சை எழுதாத ஒரு ஐந்தாம் வகுப்பு.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் சானலைத் திறந்துவிட்டார்கள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வருவதைப் பார்க்கக் கரை நெடுக ஆட்கள் நின்றார்கள். பெண்கள் குரவையிட்டார்கள். இரண்டு நாளில் எங்கள் கிணறும் ஊறியது. கலங்கல் தெளிந்ததும் அம்மை முதல் வாளியைக் கோரினாள். எவ்வளவு பட்டும் அவள் பழக்கம் போகவில்லை. ஒரு கை எடுத்து வாயில் விட்டாள்.

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சானலுக்குள் இனி நடக்க முடியாது என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரை மேலே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“பாலு போல இருக்கு” என்றாள் அம்மை, வாயைத் துடைத்துக்கொண்டு. “ஒரு பொட்டு உப்பில்ல. நீயும் கொஞ்சம் குடிச்சுப் பாரு மக்கா.”

எனக்குத் தாகமில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.