மூன்றாம் பாகம் தம்மாமில்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் கைப்பேசி தவறாமல் ஒரு கேள்வி கேட்கும்: ‘இந்த வாரம் என்ன வாசிக்கிறீர்கள்?’ அறிவியல் புனைவும் மாயக்கதையும் படிக்கிறவர்களின் குழு அது. எப்படியோ என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். காலைப் பலகாரம் முடிவதற்குள் படங்கள் வந்து குவியும். புத்தக அட்டை, பக்கத்தில் காபிக் கோப்பை, அதற்கும் பக்கத்தில் ஒரு பூனை. பூனை மட்டும்தான் புத்தகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். போன வாரம் ஒரு தம்பி பழுப்பேறிய நாவல் ஒன்றைப் படம் பிடித்துப் போட்டு, ‘பழைய புத்தக வாசனைக்கு ஈடு உண்டா?’ என்று உருகியிருந்தார்.

பழைய புத்தகம் எப்படி மணக்கும் என்று என்னைக் கேளுங்கள். பூச்சிமருந்து மாதிரி மணக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தச்சநல்லூரில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி கண்ணில் படாமல் இருக்க, படிக்கிற நாவலை மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். என் கைக்கு வந்து போன புத்தகத்தைத் திறந்தால் கண் எரியும். “லே, ஒன் பொஸ்தகத்தத் தலமாட்டுல வச்சிப் படுத்தா கொசு வரமாட்டேங்கு,” என்பான் மீரான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

மீரான் மேலப்பாளையத்துக்காரன். மாமாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தான். விண்கலம் வராத கதையைக் கதையாகவே மதிக்கமாட்டான். எங்கள் இருவரையும் மேய்த்தது சரசு அக்கா. உரக்கடை மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது; அக்காதான் அங்கே சொல்லிக்கொடுப்பாள். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். இங்கே அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். முப்பதைத் தொடப்போகும் வயது, கல்யாணம் ஆகவில்லை. அதற்காக ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தனியாகக் கவலைப்பட நேரம் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு டிராகன் வேண்டும். அதில்தான் சண்டையே.

“பல்லி பெருசாயிப் பறந்தா அது ஒரு கதையாக்கா?” என்பான் மீரான்.

“தகர டப்பாக்குள்ள ஆளுவள அடச்சி மேல விடுதது மட்டும் கதையோ?” என்பாள் அக்கா.

நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். உரக்கடையில் பழகிய பழக்கம் அது.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி வகுப்புப் பிள்ளைகள் படியிறங்கியதும் அக்கா மிஷின்களுக்கு உறை போட்டுவிட்டு, “ம், இப்ப என்ன ஓடுது?” என்பாள். அவரவர் படிக்கிற கதையை, படித்த பக்கம் வரைக்கும் சொல்ல வேண்டும். கேட்கிறவர் “பொறவு?” “பொறவு?” என்று பிடுங்கி எடுக்க வேண்டும். மூவருமே அரைகுறை இங்கிலீஷ்தான். தெரியாத சொல் வந்தால் அது ஏதோ ஆயுதம் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். பெரும்பாலும் கதை கெடாது. அக்கா போட்ட சட்டங்கள் இரண்டு. இன்னொருவர் இன்னும் எட்டாத பக்கத்தை அவரிடம் சொல்லக் கூடாது. பாதியில் இருக்கிறவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கக் கூடாது. மீறினால், முதல் நாள் வகுப்புப் பிள்ளை மாதிரி மிஷின் முன்னால் உட்கார்ந்து ‘ஏ எஸ் டி எஃப்’ என்று ஒரு தாள் முழுக்க அடிக்க வேண்டும். மீரானுக்கு வாய் நிற்காது. ஒழுங்காக வகுப்புக்கு வந்த பிள்ளைகளைவிட அவனுக்கு அந்த வரி நன்றாக வரும்.

அப்படி இருக்கையில்தான் ஜங்ஷன் நடைபாதைக் கடையில் அந்தத் தடியான நாவல் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. பேரும் தெரியாது, எழுதிய ஆளும் தெரியாது. கதை இதுதான்: தண்ணீரே இல்லாத ஒரு கிரகம். ஓர் இஞ்சினியர் பெண் வேறொரு கிரகத்திலிருந்து ஓர் ஆற்றை முழுசாக உறையவைத்து, கப்பலில் ஏற்றி, அங்கே கொண்டுபோகிறாள். அவள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பேச்சி என்று வைத்துக்கொண்டோம்.

“ஆத்தத் தூக்குததுக்கு முன்னால பொதுப்பணித்துறைல எழுதிக் கேட்டாளாமா?” என்றேன்.

“நீ ஒரம் விக்குத வேலையப் பாரு,” என்றாள் அக்கா.

யார் முதலில் படிப்பது என்று அடிதடி ஆகிவிட்டது. அக்கா பிளேடை எடுத்து, ஈவிரக்கம் இல்லாமல் நாவலை முதுகில் மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை போட்டுத் தைத்துவிட்டாள். ஒருவர் முதல் பாகத்தை முடித்து நகர்ந்ததும் அடுத்தவர் அதைத் தொடங்கலாம். வெட்டியவள் என்ற உரிமையில் அக்கா முன்னால் ஓடினாள். பின்னால் மீரான். கடைசியில், பூச்சிமருந்து வாசத்தோடு நான்.

மீரானுக்குத் திடீரென்று விசா வந்துவிட்டது. அரபு நாட்டில், தம்மாமில் ஒரு கடையில் வேலை. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். இவனும் அழுதான், ஆனால் வேறு காரணத்துக்காக. இரண்டு பாகம் முடித்துவிட்டான். பேச்சி கப்பலோடு அந்தக் காய்ந்த கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் பாகம் அக்காவிடம். அக்காவோ லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தாள். “மணல்காட்டுக்குப் போறேன்லே. ஆறு எறங்கிச்சா இல்லியான்னு தெரியாம எப்படிப் போவேன்?” என்றான். மறுநாள் ரயில். என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினான். அணைக்கட்டில் வழிந்த தண்ணீரைப் பார்த்து, “இத எப்படிலே பேச்சி மடக்கியிருப்பா?” என்றான். துணி மடிக்கிறவன் கவலை அவனுக்கு.

அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஏதோ விசேஷம், சாப்பாடு கிடைக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். உள்ளே பார்த்தால் பெண் பார்க்க வந்த கூட்டம். அக்கா பட்டுச்சேலையில், கையில் பஜ்ஜித் தட்டோடு நடுவில் நிற்கிறாள். வேறு யாராக இருந்தாலும் அப்படியே பின்னால் நகர்ந்திருப்பார்கள். மீரான் வாசற்படியில் நின்றபடியே கேட்டுவிட்டான்: “யக்கா, நாளைக்கு வண்டி. மூணாம் பாகம் முடிச்சிட்டியளா?”

அக்காவின் அப்பா முகம் கருத்துப்போனது. அக்கா தட்டை மாப்பிள்ளையின் மாமா மடியில் வைத்துவிட்டு உள்ளே போய், காக்கி அட்டையோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை பெருந்தன்மையாக, “என்ன பொஸ்தகம்?” என்றார். அக்கா நின்றபடியே நாலு வரியில் கதையைச் சொன்னாள். “ஆத்தையா? தூக்கிட்டா? சரிதான்,” என்று சிரித்துவிட்டு, அவர் பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

தெருமுனை வரை எங்களோடு வந்தாள் அக்கா.

“முடிச்சிட்டியளாக்கா?”

“பாதிதாம்லே. நீ கொண்டு போ.”

“பாதில இருக்கவுக கைலருந்து பிடுங்கப்படாதுல்லா?”

“சட்டம் போட்டவ நான். மணல்காட்டுக்குப் போறவனுக்கு அது செல்லாது. கொண்டு போலே.”

அந்தப் புத்தகத்தில் மல்லிகைப்பூ மணந்தது. எங்கள் சரித்திரத்திலேயே முதல்முறை.

அடுத்த வாரம் அக்கா அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்களால்தானா என்று பயந்துகொண்டே கேட்டேன். “ஒங்களால என்ன? ஒருத்தி ஆத்தத் தூக்கிட்டுப் போறான்னு சொல்லுதேன். ‘பொறவு?’ன்னு ஒரு வார்த்த கேக்கல அந்த ஆளு. பஜ்ஜியத் திங்காரு. அவருகூட எப்படிலே காலந்தள்ளுதது?” என்றாள். அதற்குப் பிறகு எந்த வரனும் அமையவில்லை. அவள் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்க்கவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மீரான் விடுமுறையில் வந்தான். அத்தர் மணக்க, மாடிக்கு வந்து உட்கார்ந்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் கையைத்தான் பார்த்தோம். கையில் பேரீச்சம்பழம் இருந்தது.

“பொஸ்தகம் எங்கலே?”

“ரூம்ல ஒரு மலையாளிக்குக் கொடுத்தேன்க்கா. மொத ரெண்டு பாகத்தையும் வாயால சொல்லி, மூணாவதக் கையில கொடுத்தேன். பைய படிக்கான். பாதில இருக்கான். எப்படிப் பிடுங்குதது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா மட்டும், “அது சரி, பிடுங்கப்படாது,” என்றாள்.

“முடிவ நான் சொல்லுதேன்க்கா.”

“எனக்கு அந்தப் பக்கம் இன்னும் எட்டல. சொன்னா ஏ எஸ் டி எஃப்.”

அந்தப் பக்கம் அவளுக்கு எட்டவே இல்லை. மலையாளி வேறு ஊருக்கு மாற்றலாகி, அங்கேயே யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனாராம். மீரான் வருஷம் தப்பாமல் வந்தான். வரும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பான், அக்கா காதைப் பொத்திக்கொள்வாள். எனக்கும் அவள் கேட்காமல் தனியாகக் கேட்டுக்கொள்ள மனசு வரவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவள் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, இனித் தேறமாட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊரோடு வந்துவிட்ட மீரான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “யக்கா, இப்பமாவது சொல்லட்டுமா?” என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“பொஸ்தகத்த இப்ப வச்சிருக்க ஆளு முடிச்சிட்டானாலே?”

“தெரியலக்கா.”

“அப்ப வேண்டாம்.”

நாங்கள் சிரித்தோம். வெளியே வந்து அழுதோம்.

இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். மீரான் இருப்பது அடுத்த தெரு மாதிரிதான். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை. அக்காவுக்கு இல்லாத சலுகை எனக்கு எதற்கு?

இந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் நானும் எழுதினேன். ‘இரண்டு பாகம் முடித்துவிட்டேன். மூன்றாம் பாகத்தைத் தம்மாமில் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் ஓர் ஆற்றையே தூக்கிக்கொண்டு போகிறாள்...’ என்று, கப்பல் சுற்றிக்கொண்டிருக்கிற இடம் வரைக்கும். கட்டைவிரல்கள் வந்தன, பூங்கொத்து வந்தது, கைதட்டல் வந்தது. ஒரு தம்பி புத்தகத்தின் பெயர் கேட்டார். தெரியாது என்றேன். அவர் அரை நிமிஷம் எதிலோ தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு புத்தகமே இல்லை சார் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பிறகு யாரோ ஒரு பூனையின் படத்தைப் போட்டார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நான் ராத்திரி வரைக்கும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “பொறவு?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.